உங்களுக்குத் தெரியுமா? கணினிக்கும் காய்ச்சல் பார்க்கலாம்!

அக்னி நட்சத்திர வெயிலில், சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்குப் புட்டா வரையும் கணினிக்கும் சூடு ஏறும். எவ்வளவு என்று அதனிடமே கேட்கலாம். அதில் பாஸ் லினக்ஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்த இயங்குதளம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டது. டெபியனில் கிடைக்கும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளையை ஒருமுறை ஓட்டினால், மதர்போர்டில் உள்ள உணரிச் சில்லுகளை அது தேடிப் பிடிக்கும். கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். பிறகு 'சென்சார்ஸ்' என்று மட்டும் தட்டினால் வெப்பநிலை, விசிறியின் வேகம், மின்னழுத்தம் எல்லாம் திரையில் வரும்.

வேடிக்கை என்னவென்றால், இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் உணரி சூட்டை நேராகச் சொல்வதில்லை. உச்சவரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. லினக்ஸ் கெர்னல் அதை வரம்பிலிருந்து கழித்து, டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதி வைக்கிறது: 45 டிகிரி என்றால் 45000!

அறையே 38 டிகிரியில் வேகும்போது திரை 25 என்று காட்டினால் நம்பாதீர்கள். விசிறி வீசுவது அதே அறைக் காற்றைத்தானே? மைனஸ் 128 போன்ற எண் வந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் சில்லின் அந்த முனையில் உணரியே இணைக்கப்பட்டிருக்காது.