உங்களுக்குத் தெரியுமா? கடைக் கணக்கும் காந்த டேப்பும்

பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாட்டோடு வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், சிக்கிய கேசட்டுக்குள் பென்சிலை விட்டுச் சுற்றாத ஆள் அபூர்வம். கம்ப்யூட்டர் கணக்கைப் பத்திரப்படுத்தும் பேக்கப் டேப்பும் அந்தக் கேசட்டின் உடன்பிறப்புதான்: பிளாஸ்டிக் நாடா, அதன்மேல் காந்தப் பூச்சு. 1928இல் காகிதப் பட்டையில் இரும்புத் தூளை ஒட்டி இதைத் தொடங்கி வைத்தவர் ஜெர்மனியில் இருந்த ஃபிரிட்ஸ் ஃப்ளூமர். அதற்கு முன் அவர் செய்துகொண்டிருந்தது, சிகரெட்டில் உலோகப் பட்டை ஒட்டும் வேலை!

●

1952இல் வந்த ஐ.பி.எம். 726 டேப் டிரைவில் ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 20 லட்சம் எழுத்துகள். 2021இல் வந்த எல்.டி.ஓ.-9 (எல்.டி.ஓ. வகை பேக்கப் டேப்பின் 9ஆம் தலைமுறை) கார்ட்ரிட்ஜ், உள்ளங்கையில் அடங்கும். கொள்ளளவு 18 டெராபைட். உள்ளே சுற்றியிருக்கும் நாடாவின் நீளம் 1,035 மீட்டர். அதை நிரப்பி முடிக்க நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக 280 தடவை ஓட வேண்டும். கூட்டிப் பார்த்தால் சுமார் 290 கிலோமீட்டர். தேனியிலிருந்து மதுரைக்கு இரண்டு நடை போய்த் திரும்பும் தூரம்.

●

மதுரை என்றதும் ஒரு கணக்கு. 18 டெராபைட்டை 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் அனுப்பினால் 16 நாளுக்கு மேல் ஆகும். அதே கார்ட்ரிட்ஜை மஞ்சப்பையில் போட்டு மதுரையில் தேனி பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். அந்த மஞ்சப்பையின் வேகம் நொடிக்கு 20 கிகாபிட்! (டேப்பில் ஏற்ற 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது தனிக் கதை.)

●

'டேப்பை நம்பலாமா?' என்ற கேள்விக்கு நேரான பதில்: டேப்பை நம்பலாம், டிரைவை அவ்வளவு நம்ப முடியாது. பெட்டிக்குள் சும்மா கிடக்கும் டேப்பில் ஓடித் தேய எதுவுமில்லை. மோட்டாரும் ஹெட்டும் பல்சக்கரமும் டிரைவில்தான். எல்.டி.ஓ. டேப்புக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் 30 ஆண்டு வரை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம். சித்திரைப் புழுக்கத்தில் ராத்திரி ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பூட்டும் கடையில் இந்த நிபந்தனை எத்தனை நாள் தாங்கும்? ஈரம் ஏறினால் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை இளகி, நாடா பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டும். 1970, 80களின் பல இசை டேப்புகள் இப்படித்தான் வீணாயின. அவற்றை 50 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வாட்டி எடுத்து, ஈரம் திரும்புவதற்குள் பிரதி எடுப்பது உண்டு. ஏலக்காயை ஸ்டோரில் உலர்த்துவது போலத்தான்; பக்குவம் தப்பினால் சரக்கு போச்சு.

●

ஆடிக் காற்று காற்றாலைக்கு வரம். டேப் டிரைவுக்கு அது புழுதி. தமிழ்நாட்டில் காற்று புகுந்து வரும் கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று.

●

1989இல் எச்.பி.யும் சோனியும் கொண்டுவந்த 4 மி.மீ. டி.டி.எஸ். டேப்பைச் சின்ன அலுவலகங்கள் விரும்பி வாங்கின. விலை கம்மி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வீடியோ கேசட் போலச் சுழலும் ஹெட்டு அதன் பலம், பலவீனமும் அதுவே. ஹெட்டின் சாய்வு இம்மி பிசகினாலும் அந்த டிரைவ் எழுதியதை அது மட்டுமே படிக்கும். தன் கையெழுத்தைத் தான் மட்டுமே படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை போல. அவர் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. டிரைவ் பழுதாகிப் புதிது வாங்கிச் செருகும் அன்றுதான், வருஷக்கணக்கில் எடுத்த பேக்கப் முழுக்கப் படிக்க முடியாத கையெழுத்து என்று தெரியவரும். அன்றைக்கு என்ன செய்வது? பழைய டிரைவையே தூசு தட்டி ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியதுதான்.

●

எல்.டி.ஓ. டிரைவில் எழுதும் ஹெட்டுக்குப் பின்னாலேயே படிக்கும் ஹெட்டும் வரும். எழுதியது சரியா என்று அங்கேயே பார்த்துவிடும். எடை போடும் ஆளுக்குப் பக்கத்தில் நின்று எடையைச் சரிபார்க்கும் ஆள் மாதிரி. ஆனால் சாக்கில் இருப்பது ஏலக்காயா பதரா என்று அவருக்குத் தெரியாது. டேலி கணக்கு மென்பொருளில் போன வருஷக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து பேக்கப் கொடுத்தால், போன வருஷக் கணக்கு பிழையே இல்லாமல் பத்திரமாக ஏறும்.

●

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் 8 நிதியாண்டு. இனி டேப்பின் பக்கம்: எல்.டி.ஓ.-5 வந்தது 2010இல். அந்த டேப்பை 5, 6, 7ஆம் தலைமுறை டிரைவ்கள் படிக்கும். 2017இல் வந்த 8ஆம் தலைமுறை படிக்காது. டேப்புக்கு 30 வயது இருக்கலாம். புதிதாக வரும் டிரைவ் அதை ஏழே வருஷத்தில் மறந்துவிட்டது.

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. பனையோலை செல்லரிக்கும் முன் ஏடு பெயர்த்து எழுதினார்கள். எழுதாதவை போயின.

●

1966, 67இல் நிலவைச் சுற்றிப் படம் எடுத்த லூனார் ஆர்பிட்டர் கலங்களின் மூலப் பதிவுகள் டேப்பில் இருந்தன. டேப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 டிரைவ்தான் அருகிப்போனது. நாசாவில் வேலை பார்த்த நான்சி எவன்ஸ் சில டிரைவ்களைக் காப்பாற்றித் தன் வீட்டு கராஜில் வைத்திருந்தார். கலிஃபோர்னியாவில் மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகக் கட்டடத்தில் வைத்து அவற்றை ஓட வைத்தார்கள். நிலவின் விளிம்பில் பூமி எழும் 1966ஆம் ஆண்டுப் படம் 2008இல் முன்பைவிடத் துல்லியமாக வெளிவந்தது.

●

2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் பெட்டி காலியானது. கூகுளின் பல மையங்களில் இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கடைசியில் கடிதங்கள் திரும்பி வந்தது டேப்பிலிருந்து. அலமாரியில் கிடக்கும் டேப்பைப் பிழையும் தொடாது, ரேன்சம்வேரும் தொடாது.

●

போடி அருகே பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பால், குடைய இருந்த மலை அப்படியே நிற்கிறது. நியூட்ரினோவும் அடங்கும் துகள் இயற்பியலின் பெரிய கூடமான செர்ன் தன் தரவை எதில் சேமிக்கிறது? டேப்பில். 2017 ஜூனில் அங்கே டேப்பில் சேர்ந்திருந்தது 200 பெட்டாபைட்.

●

இதைப் படித்துவிட்டு டேப் டிரைவ் விலை கேட்கக் கிளம்ப வேண்டாம். புது எல்.டி.ஓ. டிரைவ் லட்சங்களில் விற்கிறது. ஒரு கமிஷன் கடையின் பல வருஷக் கணக்கு ஒரு பென் டிரைவில் அடங்கும். அந்தக் கடைக்கு மாற்றி மாற்றி எடுக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் இணையத்தில் ஒரு பிரதியும் போதும் என்பது என் கட்சி. இரண்டில் ஒரு டிஸ்க் எப்போதும் கடைக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்கு நம்மூர் ஏலக்காய்க்காரர்களுக்கு இடப் பஞ்சமில்லை: கடை கீழே போடியில், தோட்டம் மேலே வண்டன்மேட்டில். ஸ்கேன் படம் குவியும் ஆஸ்பத்திரி, கல்யாண வீடியோ ஸ்டுடியோ என்றால் டேப் கணக்கு கட்டுபடியாகும்.

●

டிரைவின் ஹெட்டைத் துடைப்பதற்கென்றே ஒரு கார்ட்ரிட்ஜ் உண்டு. எல்.டி.ஓ.வில் அது 50 தடவை வரை உழைக்கும். தவணை தீர்ந்த பிறகு செருகினால் டிரைவே வெளியே தள்ளிவிடும்.