கயிற்றால் ஓர் இருக்கை

உங்கள் இல்லத்துப் பரணிலோ கொல்லைப்புறத்திலோ மேற்பலகை பிளந்த மர ஸ்டூல் ஒன்று கிடக்கக்கூடும். (நான்கு கால்கள் இருந்தும் முக்காலி என்றே அதனை அழைப்பது நம் வழக்கம்!) அதனை விறகாக்கிவிடாதீர்கள். முழங்கால் வலியால் தரையில் அமர இயலாத உம்மாவுக்கு, காய் நறுக்கவும் அமர்ந்து தொழவும் உகந்த இருக்கையாக அதனை நீங்களே மாற்றிவிடலாம்.

நம் கயிற்றுக் கட்டிலின் பின்னல் வேறு, இது வேறு. கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிச் சரிசெய்துவிடுவோம். இந்த இருக்கையில் அவ்வாறு இழுக்க வழியில்லை. ஒரு சுற்றுத் தளர்ந்தால் அதுவரை பிரித்துத்தான் ஆகவேண்டும். ஐரோப்பியக் கிராமங்களில் நீர்ப்புற்களை முறுக்கி நாற்காலிகளுக்குப் பின்னிய முறை இது. டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த புகழ்பெற்ற நாற்காலியின் இருக்கையும் இவ்வகைப் பின்னலே. அதற்குச் சுமார் 120 மீட்டர் கயிறு செல்கிறது. அதுவும் காகிதத்தை முறுக்கிச் செய்த கயிறு!

நமக்குப் பருத்திக் கயிறு போதும். தேங்காய்நார்க் கயிறு உடலை உறுத்தும், நைலான் வழுக்கும். ஓரடிச் சதுர ஸ்டூலுக்கு 4 மில்லிமீட்டர் கயிறு ஏறக்குறைய 100 மீட்டர் வாங்குங்கள். உடைந்த பலகையைப் பெயர்த்து, ஆணிகளைக் களைந்து, நாற்புறச் சட்டங்களின் கூர்மையை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். ஆடும் மூட்டுகளைப் பசையிட்டு இறுக்கிய பின்னரே பின்னத் தொடங்க வேண்டும். ஏனெனில், கயிற்றின் இழுவை முழுவதும் சட்டங்களை உள்நோக்கியே இழுக்கும்.

ஸ்டூலை முன் வைத்து அமருங்கள். கயிற்றின் நுனியை இடச்சட்டத்தின் உட்புறம் சிற்றாணியால் பொருத்துங்கள். கயிற்றை உங்கள் பக்கமாகக் கொணர்ந்து, இடது மூலையில் முன்சட்டத்தின் மேலாக விட்டு, அடியில் சுற்றி, நடுவெளி வழியே மேலே எடுங்கள். இப்போது அதே மூலையில் இடச்சட்டத்தின் மேலாக விட்டு, அடியில் சுற்றி, நேரே வலப்புறம் கொண்டு செல்லுங்கள். அங்கே முதலில் வலச்சட்டம், பின்னர் முன்சட்டம். அதன்பின் பின்சட்டத்து மூலை. இவ்வாறு நான்கு மூலைகளையும் சுற்றி வந்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு மூலையிலும் கயிறு தன்னையே செங்கோணத்தில் கடந்து செல்லும். சுற்றுகள் பெருகப் பெருக, மூலைகளிலிருந்து நடுவை நோக்கி நான்கு கோடுகள் தாமே உருவாகும். அவை நேராக வந்தால் உங்கள் கை சரியாக இழுக்கிறது என்று பொருள். வளைந்தால் எந்த மூலையில் தளர்வு என்பதை அவையே காட்டிக்கொடுக்கும்.

விடுமுறையில் எம் மதரஸாப் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிக்கையில் ஒன்றைக் கவனித்தேன். பாடத்தை விரைந்து ஒப்பிக்கும் பிள்ளைகள்தாம் இதில் பின்தங்குகின்றனர்! நிதானமான கைக்கே கயிறு பணிகிறது.

முழுக் கயிற்றையும் இழுத்துக்கொண்டு அல்லலுறாதீர்கள். பத்து மீட்டராக வெட்டி இணையுங்கள். முடிச்சு மேற்புறத்தில் தெரியாமல், இரு அடுக்குகளுக்கு இடையே மறைய வேண்டும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை மரக்கட்டையை வைத்துத் தட்டி இழைகளை நெருக்குங்கள். பாதி நிறைந்ததும், மேல் கீழ் அடுக்குகளின் இடைவெளியில் அட்டைத் துண்டுகளை முக்கோணமாக வெட்டிச் செருகுங்கள். சட்டத்தின் உள்விளிம்பு கயிற்றை அறுக்காமல் அவை காக்கும். நீள்சதுர ஸ்டூலானால் குறுகிய பக்கங்கள் முதலில் நிறைந்துவிடும். எஞ்சிய நடுப்பகுதியை, நீண்ட சட்டங்கள் இரண்டுக்கும் இடையே எட்டு வடிவில் சுற்றி நிரப்புங்கள்.

இறுதி நுனியை அடிப்புறத்து இழையில் இரட்டை முடிச்சிட்டு உள்ளே செருகிவிடுங்கள். முதலில் நீங்களே அமர்ந்து, இப்புறமும் அப்புறமும் சாய்ந்து பாருங்கள். மூட்டுகள் ஓசையிடாவிட்டால் உம்மாவை அழையுங்கள்.