காய்ச்சினால் மட்டும் போதுமா?

யாங்கோன் வட்ட ரயிலில் வந்து இன்சீனில் இறங்கியதுமே என் நாலு வயசு மகள் ஆரம்பித்துவிட்டாள்: "ஆட்டுக்குட்டி எங்கேப்பா?" என் பெரியம்மா அங்கே ஆறு ஆடு வளர்க்கிறார். பால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போகிறது.

மறுநாள் காலை, கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பாலை மகளிடம் நீட்டினார். "குடி கண்ணு, இப்படிக் குடிச்சாத்தான் உடம்புல ஒட்டும்."

"காய்ச்சிட்டுக் கொடுப்போம் பெரியம்மா" என்றேன்.

"உங்கம்மாவும் இப்படிக் குடிச்சு வளர்ந்தவதான்." அவர் முகம் வாடிவிட்டது.

ஊருக்குப் போகும்போது நமக்கெல்லாம் வரும் சங்கடம்தான் இது. மறுத்தால் மரியாதைக் குறைவு, மறுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. அதனால் மால்டா கதையைச் சொன்னேன். அந்தத் தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு விட்டுவிட்டு வந்த காய்ச்சலின் கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது 1905-இல்தான் தெரிந்தது. பார்க்க நன்றாக இருந்த ஆடுகளிடமே அது இருந்ததை தெமிஸ்டோகிளிஸ் சாமிட் காட்டினார். அடுத்த வருஷம் படையினருக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. அந்தக் கிருமிதான் புருசெல்லா. ஆட்டுக்குக் கரு கலையும். மனுஷருக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் மாசக்கணக்கில் இழுக்கும். பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே அது செத்துவிடும். பொங்கக் காய்ச்சினால் பயமில்லை.

பெரியம்மா யோசித்துவிட்டு, "கறுப்பு ஆடு ஒரு வாரமா பால் கம்மியாத்தான் கொடுக்குது" என்றார்.

சோப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்தோம். ஆட்டுக்கு இரண்டே காம்பு. ஒவ்வொன்றின் பாலையும் தனித்தனித் தட்டில் விட்டு, அதே அளவு சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சுழற்றினோம். ஆட்டுப்பாலில் இயல்பாகவே செல்கள் அதிகம் என்பதால் லேசாகக் குழகுழத்தால் பரவாயில்லை. ஆனால் இடப்பக்கப் பால் மட்டும் கூழாகத் திரண்டது. மடியைத் தொட்டால் அந்தப் பக்கம் சூடு. மடிநோய்.

அப்போதுதான் பெரியம்மா கேட்டார்: "இதையும் காய்ச்சினா சரியாப் போயிடுமா?"

இல்லை. மடிநோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டாஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள். அவற்றில் சில, பாலில் நஞ்சைச் சுரந்துவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு போகாது. குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு. அதனால் அந்தப் பாலைக் கொட்டத்தான் வேண்டும்.

பர்மாவின் கால்நடை மருத்துவப் படிப்பு ஒரு காலத்தில் இன்சீனில்தான் நடந்தது; பிறகு யெசினுக்குப் போய்விட்டது. தெரிந்தவர் மூலம் ஒரு டாக்டர் வந்து ஊசி போட்டார். மருந்து முடிந்த பிறகும் அவர் சொல்லும் நாள்வரை அந்த ஆட்டின் பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார். கறக்கும் முன் கையும் மடியும் கழுவித் துடைக்கணும், கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கணும், நோயுள்ள ஆட்டைக் கடைசியில் கறக்கணும் என்றும் சொன்னார். கரு கலைந்தால் வெறுங்கையால் தொடாமல் உடனே தன்னைக் கூப்பிடச் சொன்னார்.

சாயங்காலம் பெரியம்மா பால் வாங்கும் வீடுகளுக்கெல்லாம் நடந்தார். "ஒரு வாரமாக் கொடுத்ததுல கறுப்பு ஆட்டுப் பாலும் கலந்திருக்கு, மிச்சம் இருந்தாக் கொட்டிடுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். எனக்கு அந்த தைரியம் இருந்திருக்குமா, தெரியவில்லை.

மறுநாள் காலை மற்ற ஆடுகளின் பால் அடுப்பில் பொங்கியது. ஆற்றி என் மகளிடம் நீட்டினார் பெரியம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை.