சக்கரத்தின் மேல் ஒரு சமையலறை

டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். கொழும்பிலிருந்து எஹலியகொட வழியாக இரத்தினபுரிக்கும், அங்கிருந்து பலாபத்தலைக்கும் குடும்பங்கள் வான்களிற் செல்வதை நாம் காண்கிறோம். சிலர் ஆசனங்களைக் கழற்றிப் படுக்கை அமைத்து, மூலையில் காஸ் அடுப்பு வைத்து, பற்றரியில் விளக்கெரித்து, வானையே வீடாக்கிக்கொள்கின்றனர். செலவு சுருங்கும், குழந்தைகளுக்கும் குதூகலம். ஆனால் வீட்டில் அடுப்புக்கும் படுக்கைக்கும் இடையே சுவர் உண்டு. வானிலோ இரண்டும் ஒரே தகரப் பெட்டிக்குள் அடங்குகின்றன. ஆகவே அதற்கென்று சில விதிகளை அறிந்திருத்தல் அவசியம்.

வாயுவின் குணம்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர்போல் தாழ்வான இடத்தைத் தேடித் தேங்கும். நூறு பங்கில் ஏறக்குறைய 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இயல்பில் அதற்கு மணமில்லை. கசிவை நாம் அறிவதற்காகவே எதில் மெர்கப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டு வீடுகள் பலவற்றில் நிகழ்ந்த காஸ் வெடிப்புகள் நினைவிருக்கலாம். அவற்றை ஆராய்ந்த ஜனாதிபதி குழு, புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்றது. புரோப்பேன் மிகுந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகும். வெயிலில் நிறுத்திய வானுக்குள்ளும் வெப்பத்தால் அழுத்தம் ஏறும். போதாக்குறைக்கு, ஓட்டத்தின் குலுக்கல் இணைப்புகளைத் தளர்த்தும்.

செய்யத்தக்கவை

சிலிண்டரை நிமிர்த்தி, வாரினால் இறுகக் கட்டி, தனிப் பெட்டியில் வைக்கவேண்டும். அப்பெட்டி வானின் உட்புறத்துக்கு முற்றாக அடைபட்டிருத்தல் வேண்டும்; அடித்தட்டில் வெளியே திறக்கும் துவாரம் இருத்தல் வேண்டும். வண்டி ஓடும்போது வால்வு மூடியே இருக்கட்டும். இணைப்புகளைச் சவர்க்கார நீர் பூசிச் சோதியுங்கள். குமிழி எழுந்தால் கசிவு. தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கலாகாது.

நாற்றம் வீசினால் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, அனைவரும் இறங்கவேண்டும். எந்தச் சுவிட்சையும் தொடவேண்டாம். விளக்கை அணைப்பதும் ஆபத்தே. எஞ்சினை இயக்குவதும் ஆபத்தே. ஒரு சிறு பொறி போதும்.

மின்சாரம்

12 வோல்ட் பற்றரி உடலைத் தாக்காது என்பது உண்மை. ஆயினும் அதன் கம்பி உறை தேய்ந்து தகட்டில் முட்டினால், நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து கம்பியே தணலாகும். எனவே பற்றரிக்கு மிக அருகிலேயே பியூஸ் இருத்தல் வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடந்தோறும் கம்பிக்கு இறப்பர் வளையம் இடுங்கள். ஏறும் மின்னின்போது பற்றரி ஹைதரசன் வெளியிடக்கூடும். அதைச் சிலிண்டருக்கு அருகில் வைக்காதீர்கள். வெளியிலிருந்து 230 வோல்ட் இணைப்பு எடுப்பதானால், புவித்தொடுப்பும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் இன்றியமையாதவை.

குளிருக்கு அடுப்பா?

மலையடிவாரத்து இரவுக் குளிரில் அடுப்பை எரியவிட்டு உறங்குவது எல்லாவற்றிலும் கொடிது. மூடிய வானில் காற்றுக் குறையக் குறைய, காபன் மொனொக்சைட்டு பெருகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குவோர் விழிப்பதில்லை. கம்பளியே போதும். சமையலையும் இயன்றவரை வெளியே இறக்கிச் செய்வதே உத்தமம்.

படுக்குமுன் “வால்வை மூடியாயிற்றா?” என்று கேட்கும் வழக்கத்தை நம் சிறுவர்க்கும் பழக்குவோம். பெரியவர் மறந்தாலும் பிள்ளைகள் மறவார்.