புகைப் பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஒரே மாத்திரை: ஒன்றையொன்று சந்திக்காத இரு அரசுத் திட்டங்கள்

புது தில்லி: சிகரெட் பெட்டிகளின் மீதும் பீடிக் கட்டுகளின் மீதும் 2018 செப்டம்பர் முதல் ஒரு தொலைபேசி எண் அச்சிடப்பட்டு வருகிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016-இல் தொடங்கப்பட்ட உதவி மையத்தின் எண் அது. பிற்பாடு பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, குவாஹாட்டி பரூவா புற்றுநோய் நிறுவனம் ஆகியவற்றிலும் இதன் கிளைகள் அமைக்கப்பட்டன. புகையிலையை விட விரும்புவோருக்கு அங்கே கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது. மருந்து வேண்டுமென்றால் மருத்துவரைத்தான் நாட வேண்டும். பலருக்கும் பாதை அடைபட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

விட வேண்டும் என்ற எண்ணம் நம் மக்களுக்கு இல்லாமல் இல்லை. 2016-17-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் அதை விடத் திட்டமிட்டிருந்தனர் அல்லது விடுவதைப் பற்றி யோசித்துக் கொண்டிருந்தனர். முந்தைய ஓராண்டில் 38.5 சதவீதம் பேர் விட முயன்றும் இருந்தனர். முயன்று தோற்பதற்கு மன உறுதியின்மையே காரணம் என்று வீட்டாரும் ஊராரும் சொல்வதுண்டு. மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை.

நிகோடின் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. அது நின்றவுடன் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், மனம் கனத்தல் ஆகியவை தொடங்கிச் சில வாரங்கள் நீடிக்கின்றன. ஏற்கெனவே மனச்சோர்வு நோய் உள்ளவருக்கு இந்த வாரங்களைக் கடப்பது மிகக் கடினம். ஒரு பீடியைப் பற்ற வைத்தவுடன் மனம் லேசாவதால், புகைதான் தன் நோய்க்கு மருந்து என்று அவர் நம்பி விடுகிறார். உண்மையில் அந்தப் பீடி போக்குவது முந்தைய பீடி விட்டுச் சென்ற தவிப்பைத்தான். புகையை விட்டவர்களுக்கு நாளடைவில் மனச்சோர்வும் பதற்றமும் குறைகின்றன என்று 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரை காட்டியது.

தற்செயலாகக் கிடைத்த பயன்

இந்த இடத்தில் வரும் மருந்துதான் புப்ரோபியான். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வேதியியலாளர் நரிமன் மேத்தா 1969-இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் உருவாக்கியது இது. மனச்சோர்வுக்கான மருந்தாக 1985-இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் சிலருக்கு வலிப்பு ஏற்பட்டதால் மறு ஆண்டே சந்தையிலிருந்து விலக்கிக் கொள்ளப்பட்டது. அளவுக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்ட பின்னர் 1989-இல் மீண்டும் வந்தது.

புகைப் பழக்கத்துக்கும் இது உதவும் என்பதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கலிபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய லிண்டா ஃபெர்ரி என்ற மருத்துவர், மனச்சோர்வுக்காக இம்மருந்தை உண்டவர்களில் சிலர் தாமாகவே புகையை விடுவதைக் கவனித்தார். அதன் பிறகே சோதனைகள் நடந்தன. 1997-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 615 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் உண்டவர்களில் ஏழு வாரங்களின் முடிவில் 44.2 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களில் இது 19 சதவீதம்தான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது முறையே 23.1, 12.4 என்று குறைந்திருந்தது. நான்கில் மூன்று பேர் மீண்டும் புகைக்குத் திரும்பிவிட்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரு மடங்குப் பலன் இது.

மனச்சோர்வு இருந்தவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மனச்சோர்வைக் குணப்படுத்துவதால் மட்டும் புகைப் பழக்கம் நிற்கவில்லை. நிகோடின் மூளையில் பற்றிக் கொள்ளும் ஏற்பிகளின் மீதே இம்மருந்து செயல்படுவதாகவும் கருதப்படுகிறது.

மருத்துவரின் மேற்பார்வையில் முதல் மூன்று நாட்கள் 150 மில்லிகிராம், பின்னர் அதே அளவு இரு வேளை என்பதே வழக்கமான முறை. மருந்து தொடங்கிய அன்றே புகையை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொண்டு விட்டால் போதும். வாய் உலர்தல், தூக்கம் கெடுதல் ஆகியவை பரவலான பக்க விளைவுகள். வலிப்பு ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடும் என்பதால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், உணவுக் கோளாறு நோய் உள்ளவர்களுக்கும், குடியைத் திடீரென நிறுத்தியவர்களுக்கும் இதைத் தருவதில்லை. பீடியோடு சாராயத்தையும் சேர்த்து விட முயலும் உழைப்பாளிகள் ஏராளமாக உள்ள நாட்டில் இந்தக் கடைசி எச்சரிக்கை சிறியதல்ல.

தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்ற கடும் எச்சரிக்கையைப் புகை நிறுத்த மருந்துகளின் மீது 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பொறிக்கச் செய்தது. பின்னர் 8,144 பேரிடம் நடத்தப்பட்ட பன்னாட்டு ஆய்வில், அவர்களில் பாதிப் பேர் மனநோய் வரலாறு கொண்டவர்களாக இருந்தும், அந்த அச்சம் உறுதிப்படவில்லை. 2016-இல் அவ்வெச்சரிக்கை நீக்கப்பட்டது. மனச்சோர்வு மருந்துகள் அனைத்துக்கும் பொதுவாக, இளம் வயதினரைக் கவனமாகக் கண்காணிக்கச் சொல்லும் எச்சரிக்கை மட்டும் தொடர்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் இம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் மாதிரிப் பட்டியலில் சேர்த்தது.

தில்லியில் என்ன நடக்கிறது?

புகைக்கு எதிரான போரில் தில்லி அரசியலுக்கு ஒரு வரலாறு உண்டு. 2003-இல் சட்டம் வந்தது. மத்திய சுகாதார அமைச்சராக அன்புமணி ராமதாஸ் இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08-இல் தொடங்கியது. மறுபுறம், 1982-இல் பிறந்த தேசிய மனநலத் திட்டமும் 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டமும் உள்ளன. தடைக்கும் விளம்பரத்துக்கும் கிடைத்த கவனம் சிகிச்சைக்குக் கிடைக்கவில்லை. இரு திட்டங்களும் தத்தம் வழியில் செல்கின்றன. மனநோய் மருத்துவமனைக்கு வருபவரிடம் பீடியைப் பற்றிக் கேட்பதும், மார்பு நோய்ப் பிரிவுக்கு வருபவரிடம் மனத்தைப் பற்றிக் கேட்பதும் மருத்துவரின் தனிப்பட்ட அக்கறையைப் பொறுத்ததாகவே இருக்கின்றன.

கேட்க ஆளும் குறைவு. ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளனர் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் சுட்டிக்காட்டியது, மூவராவது தேவை. இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு நோய் வருகிறது என்று 2015-16-ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வு தெரிவித்தது. மனநோய்களின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறாமலே இருப்பதாகவும் அது கணக்கிட்டது.

மனநோய் மருந்து உண்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் புகையை விடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. புகையில் உள்ள பொருட்கள் குளோசபின், ஒலான்சபின் போன்ற மருந்துகளைக் கல்லீரல் விரைந்து கழிக்கச் செய்கின்றன. புகை நின்றால் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

புப்ரோபியானைச் சர்வரோக நிவாரணியாகக் கருதவும் கூடாது. இந்நாட்டில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம் என்றால், புகையிலையை மெல்பவர்களும் பிறவகையில் உட்கொள்பவர்களும் 21.4 சதவீதம். மெல்லும் பழக்கத்தை விடுவதற்கு இம்மருந்து உதவியதாகச் சோதனைகள் காட்டவில்லை. கைனி, குட்கா பழக்கமுள்ளவர்களுக்கு ஆலோசனைதான் இன்னும் முதல் வழி.

விலையைப் பற்றிப் பேசும்போது அரசின் கணக்கு விசித்திரமாகவே இருக்கிறது. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடி மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது. பீடித் தொழிலாளர்களின் வாழ்வாதாரம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பல வாரங்கள் உண்ண வேண்டிய மாத்திரையைக் கைக்காசில் வாங்கும் கூலித் தொழிலாளியின் கையில், மலிவான பீடி எப்போதும் முந்திக் கொள்கிறது.

புகையிலையை விட உதவும் எண் 1800-11-2356. மனநல உதவிக்காக 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. பீடிக் கட்டில் முதலாவது மட்டுமே இருக்கிறது.