அரைக்கும் ஓசையும் அதன் காரணமும்

மோட்டார் வண்டிக்கு வாயில்லை. எனினும் தன் குறையை அது மறைப்பதில்லை. "பின்னால் ஏதோ அரைக்கிறது" என்று வண்டியோட்டுவோர் கூறுவதை நம்மிற் பலர் கேட்டிருப்போம். அங்ஙனம் கூறியபின் அவர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகும். ஒன்று, ஓசை தானே அடங்கிவிடும் என்று காத்திருத்தல். மற்றொன்று, பட்டறையில் முதன்முதற் சொல்லப்பட்ட காரணத்தையே நம்பிப் பணத்தைக் கொடுத்தல். முன்னது உயிருக்கு இடையூறு. பின்னது பொருளுக்குக் கேடு. இவ்விரண்டிற்கும் இடையே செம்மையான வழி ஒன்று உண்டு. அதனை இயன்ற அளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் முதற்கண் நோயைத் துணிந்து, பின்னர் அது தோன்றிய காரணத்தை ஆராய்ந்து, அதன்பின்னரே தீர்க்கும் வழியைத் தேடவேண்டும் என்னும் முறையை வகுத்தார். அம்முறை இயந்திரத்திற்கும் பொருந்துவதே. நாம் கேட்கும் ஓசை நோயன்று, நோயின் குறியே. குறியைக் கண்ட மாத்திரத்தில் மருந்து கொடுப்பவன் நல்ல மருத்துவன் ஆகான்.

முதலில், வண்டியின் பின்புறத்தில் உள்ள உறுப்புகள் யாவை எனக் காண்போம். சக்கரங்களும், டயர்களும், பிரேக்குகளும், சக்கரங்கள் எளிதிற் சுழலுதற்கு ஆதாரமான பேரிங்குகளும் எல்லா வண்டிகளுக்கும் பொது. பேரிங் என்பது இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகளேனும் உருளைகளேனும் அமையப்பெற்ற கருவி. எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்லும் வண்டிகளில் இவற்றோடு, நீண்ட சுழல்தண்டு ஒன்றும் டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியும் சேரும். வளைவில் திரும்புங்கால் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைக் காட்டிலும் மிகுதியான தூரம் ஓடவேண்டியிருத்தலின், இரண்டையும் வெவ்வேறு வேகத்திற் சுழலவிடுதல் டிபரன்ஷியலின் தொழிலாகும். 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டு வந்த அம்பாசிடர் இவ்வகையைச் சேர்ந்தது. 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி 800 வண்டியிலோ விசை முன்சக்கரங்களுக்கே செல்லும். ஆதலின் அதன் பின்புறத்தில் டிபரன்ஷியல் இல்லை. தன் வண்டி எவ்வகையினது என்பதை ஒருவன் அறிந்துகொள்ளின், ஐயுறத்தக்க உறுப்புகளின் தொகை அப்பொழுதே குறைந்துவிடும்.

இனி, ஓசை எங்கிருந்து வருகிறது என்பதைச் செவியைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் அரிது. வண்டியின் உடல் முழுதும் இரும்புத் தகடாதலின், ஓரிடத்திற் பிறந்த ஓசை அத்தகட்டின் வழியே பரவி வேறோரிடத்திற் பிறந்ததுபோலக் கேட்கும். சிறுவனாகிய சாமுவேலும் தன்னை அழைத்த குரல் ஏலியினுடையது என்றெண்ணி மும்முறை அவரிடம் ஓடினான் அன்றோ! ஆகவே, "எங்கே கேட்கிறது?" என்று வினவுதலினும், "எப்பொழுது கேட்கிறது? எப்பொழுது மாறுகிறது?" என்று வினவுதலே பயன் தரும். இதற்கு ஒரே விதி உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றின் ஒன்றும் விளங்காது.

முதற்கண் டிக்கியைத் திறந்து, ஜாக்கி, உபரிச் சக்கரம் முதலியவை தளர்ந்து உருளாதபடி ஒழுங்கு செய்க. புகைக்குழாய் தளர்ந்து எதன்மேலேனும் உரசுகின்றதா என்றும் குனிந்து பார்க்க. வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை முடுக்கும்போதும் ஓசை எழுமாயின், சக்கரங்களின்மேற் பழி சுமத்துதல் தகாது.

அடுத்து, சந்தடியற்ற சமமான சாலையில் மெதுவாகச் செலுத்திப் பிரேக்கை மிதிக்க. மிதித்தபொழுது மட்டும் அரைக்குமாயின், குறை பெரும்பாலும் பிரேக்கிலேயே உள்ளது. டிரம் பிரேக்குகளில் ஷூவின்மேல் ஒட்டப்பட்ட லைனிங் தேய்ந்துபோக, அதன் ஆணிகளேனும் ஷூவின் இரும்பேனும் டிரம்மை உராயும். டிஸ்க் பிரேக்குகளிற் பலவற்றில், பேட் தேயுமுன் கீச்சென்று ஒலித்து எச்சரிக்கும் சிறு தகடு அமைந்திருக்கும். அவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தவருக்கே பின்னர் அரைக்கும் ஓசை கேட்கும். ஆனால் மழை பெய்த மறுநாட் காலையில் டிஸ்க்கின்மேற் படிந்த மெல்லிய துருவும் சிறிது அரைக்கும். நாலைந்து முறை பிரேக் மிதித்தபின் அது நீங்கிவிடுமாதலின் அஞ்சவேண்டுவதில்லை. டிஸ்க்கிற்கும் அதன் பின்னுள்ள தகட்டிற்கும் இடையே சிறுகல் சிக்கினும், பிரேக் மிதியாதபொழுதும் விடாமற் கிறீச்சிடும்.

பிரேக் மிதித்தலால் மாறாது, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமல் பேரிங்கையோ டயரையோ சுட்டும். இவ்விரண்டையும் பிரித்தறிய இரண்டு சோதனைகள் உள. இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்புறச் சக்கரங்களின்மேற் சாயும். அப்பொழுது உறுமல் மிகுமாயின் வலப்புறப் பேரிங்கை ஐயுறலாம். வலப்புறம் திரும்பின் இதன் மறுதலை. இச்சோதனை எப்பொழுதும் பிழையாது என்று கூறற்கில்லை. எனினும் நல்ல தொடக்கமாகும். மழமழப்பான சாலையிலிருந்து சொரசொரப்பான சாலைக்குச் செல்லும்போது ஓசையின் தன்மையே மாறுமாயின், சீரற்றுத் தேய்ந்த டயரே காரணமாதல் கூடும். டயர்களை முன்பின்னாக மாற்றிப் பூட்ட, ஓசையும் இடம்பெயருமாயின் ஐயம் தீரும்.

டிபரன்ஷியலின் குறியோ வேறு. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும், காலை எடுத்தபோது வேறுவிதமாகவும் ஊளையிடுதல் அதன் இயல்பு. பற்சக்கரங்களின் எந்தப் பக்கம் விசையைத் தாங்குகின்றதோ அதற்கேற்ப ஒலி மாறும் என்க. அவ்வாறு கேட்பின், அதிலுள்ள எண்ணெய் குறைந்துள்ளதா, அதில் இரும்புப் பொடி மின்னுகின்றதா என்று பார்த்தல் முதற்கடமை.

இவ்விடத்து ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். என் தாய்மாமன் வாடகைக்கு ஓட்டிவரும் பழைய வண்டி ஒருமுறை பின்புறத்தில் அரைக்கத் தொடங்கியது. மறுநாள் திருமண வீட்டார் ஐவரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறி இறங்கவேண்டியிருந்தது. பட்டறையில் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தவர், "டிபரன்ஷியல் போய்விட்டது, மாற்றப் பத்து நாள் ஆகும், அதுவரை மெதுவாக ஓட்டலாம்" என்றனர். மாமா அன்று மாலை என்னை உடனமர்த்தி, வெறுஞ்சாலையில் வண்டியைச் செலுத்தினார். ஆக்ஸிலேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்தார், ஓசை இல்லை. பிரேக்கை மிதித்தார், அரைத்தது. "தம்பி, இது பற்சக்கரம் இல்லை" என்றார். டிரம்மைக் கழற்றியபோது, வலப்புற லைனிங் ஆணி வரை தேய்ந்து, டிரம்மில் விரல் நகம் படியுமளவு பள்ளம் விழுந்திருந்தது. மலையினின்று இறங்கும்போது உயிர்களைக் காக்கவேண்டிய பிரேக் அது. மெதுவாக ஓட்டலாம் என்ற சொல்லை நம்பியிருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்று எண்ணுதற்கும் நெஞ்சு துணியவில்லை. அப்பயணத்திற்கு வேறு வண்டியை அமர்த்திக் கொடுத்துவிட்டு, மாமா இருபுறத்து ஷூக்களையும் ஒருங்கே மாற்றினார். ஒருபுறத்தை மட்டும் மாற்றின் மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும் என்பது அவர் கூறிய காரணம்.

சாலைச் சோதனை முடிந்தபின் வண்டியை நிறுத்திச் செய்யத்தக்கனவும் உள. ஓட்டி வந்தவுடன் ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் புறங்கையைக் கொண்டுசெல்க, தொடவேண்டா. ஒன்று மட்டும் மிகச் சுடுமாயின், அங்கே பிரேக் விடாமற் பற்றியிருத்தலோ பேரிங் கெட்டிருத்தலோ கூடும். பின்பு ஜாக்கியால் உயர்த்திச் சக்கரத்தைக் கையாற் சுழற்றிப் பார்க்கலாம். சக்கரத்தின் மேலும் கீழும் பற்றி அசைக்கும்போது ஆட்டம் காணின் பேரிங் தளர்ந்துள்ளது. ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையே பற்றும். அவற்றை உயர்த்தியபின் அப்பிரேக் வண்டியை நிறுத்திவையாது. ஆதலின் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடாமல் உயர்த்துதலும், தாங்கி நிறுத்தாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகுதலும் ஒருகாலும் கூடா. பழைய லைனிங்குகளிற் கல்நார் கலந்திருத்தல் கூடுமாதலின், டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தல் நன்று.

1816-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் தோற்றம். நம் பட்டறைகளில் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இயந்திரத்தில் ஊன்றிப் பிடியைக் காதருகே வைத்துக் கேட்கும் மெக்கானிக்கும் அம்மரபினரே. அவர் கைத்திறனை இக்கட்டுரை குறைத்துக் கூறவில்லை. எந்நிலையில் ஓசை எழுந்தது, எந்நிலையில் நின்றது என்பதைத் தெளிவாகச் சொல்லும் வண்டிக்காரன் அவருக்கு உற்ற துணையாவான். "ஏதோ அரைக்கிறது" என்று மட்டும் சொல்லி நிற்பவன் அவரையும் இடர்ப்படுத்துவான். பழுது பார்த்தலை வல்லாரிடம் விடுக. கேட்டறிதலை மட்டும் பிறரிடம் விடற்க. பிரேக் மிதிக்கும்போது அரைக்கும் வண்டியை, காரணம் காணும்வரை, எவரையும் ஏற்றிக்கொண்டு சாலையிற் செலுத்தாதிருப்போமாக.