சிப்பின் பெயரைத் தேடுங்கள்

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை ஆர்வலர்கள் அடுத்த ஆண்டே கண்டுகொண்டார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, அதைத் தன் பொருளில் வைத்து விற்பவர் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். கேள்விகள் வலுத்தன. லிங்க்சிஸை அப்போதுதான் வாங்கியிருந்த சிஸ்கோ, 2003இல் நிரலை வெளியிட்டது. அந்த நிரலிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் கிளைத்தது. இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

ஆனால் வெளிவந்த நிரலில் முக்கியமான ஒன்று இல்லை. வைஃபையை இயக்கும் பிராட்காம் சிப்பின் டிரைவர் மட்டும் பைனரியாகவே வந்தது. அதைக் கணினியால் ஓட்ட முடியும், மனிதரால் படித்துத் திருத்த முடியாது.

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு எந்தச் சிப்பையும் நேரடியாகத் தெரியாது. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் ரேடியோ விழிக்கும், எந்த வரிசையில் எழுதினால் அலைவரிசை மாறும் என்பதை அறிந்தது டிரைவர்தான். அந்த விவரங்கள் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் இருக்கும். அதை அவர் பூட்டி வைத்துவிட்டால் வெளியாள் ஒருவரால் டிரைவர் எழுதுவது மிகக் கடினம்.

பைனரியை வைத்தே காலம் தள்ளலாமே என்றால், அதுவும் நடக்காது. கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரு பதிப்புக்குக் கட்டிய பைனரியை அடுத்தது ஏற்காது. லிங்க்சிஸ் பைனரி 2.4 கெர்னலுக்கானது. 2003 இறுதியில் 2.6 வந்துவிட்டபோதும், வைஃபை வேண்டியவர்கள் பல ஆண்டுகள் பழைய கெர்னலிலேயே கிடக்க நேர்ந்தது. மூடிய டிரைவரின் உண்மையான தீங்கு இதுதான் என்பேன்: கருவி நன்றாக இருக்கும்போதே, பாதுகாப்புத் திருத்தங்கள் அதை எட்டாமல் போகின்றன.

இந்தப் பூட்டை உடைத்தவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தார்கள். ஓர் அணி பைனரியைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் உரைநடையில் எழுதி வைத்தது. மற்ற அணி பைனரியைத் தொடவே இல்லை. அந்தக் குறிப்பைப் பார்த்துப் புதிதாக நிரல் எழுதியது. பிறர் நிரலை நகலெடுத்தார்கள் என்ற வழக்குக்கு இடம் தராத ஏற்பாடு இது. அப்படிப் பிறந்த டிரைவர் 2006 ஜூனில் 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. சிப்புக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேரை மட்டும் நிறுவனத்தின் டிரைவரிலிருந்தே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் தர 2010 வரை ஆனது. பொறுமையும் நேர்மையும் இவ்வளவு கூடிவந்த வேலையை மென்பொருள் உலகில் அதிகம் காண முடியாது.

இன்று ஆவணமில்லாத ஒரு போர்டு கையில் கிடைத்தால் எங்கே தொடங்குவது? பெட்டியின் மேலுள்ள பெயரை முதலில் மறந்துவிடுங்கள். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபையின் முதல் பதிப்பில் இருந்தது அதெரோஸ் சிப், இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். மாடல் பெயர் ஒன்றுதான், டிரைவர்களோ வேறு வேறு. யுஎஸ்பி, பிசிஐ சாதனங்கள் கேட்டால் தம் எண்ணைச் சொல்லிவிடும்: 0பிடிஏ என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். ஐ2சி, எஸ்பிஐ கம்பிகளில் தொங்கும் சென்சாரும் திரையும் அப்படித் தாமாகச் சொல்வதில்லை. எந்த முகவரியில் எந்தச் சிப் இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். பழைய கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும் கருவியிலிருந்தே அந்தக் கோப்பைப் பல நேரம் எடுத்துப் படிக்க முடியும். அதிலுள்ள 'கம்பேட்டிபிள்' என்ற வரியைக் கெர்னல் மூலநிரலில் தேடினால், வேறு பெயரில் டிரைவர் ஏற்கெனவே இருப்பது பல நேரம் தெரியவரும். முகவரி மட்டும் மாறியிருக்கும், அல்லது ஒரே குடும்பத்துச் சிப்பாக இருக்கும்.

கோப்பு கிடைக்காவிட்டால் போர்டில் சீரியல் இணைப்புக்கான முனைகளைத் தேட வேண்டும். 3.3 வோல்ட் யுஎஸ்பி மாற்றியை இணைத்து, பெரும்பாலும் 115200 வேகத்தில் கேட்டால், துவங்கும்போதே கருவி தன் உறுப்புகளை வரிசையாகச் சொல்லும். மூடியைத் திறக்க மனமில்லையா? அமெரிக்காவில் விற்கும் ரேடியோ கருவி என்றால், அதன் எஃப்சிசி (அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம்) எண்ணைக் கொண்டு உட்புறப் படங்களை அந்த ஆணையத்தின் தரவுத்தளத்தில் பார்க்கலாம். பல படங்களில் சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்தே தெளிவாகத் தெரியும்.

இத்தனையும் வாங்கிய பிறகு படும் பாடு. ஆகவே லினக்ஸுக்காகப் போர்டோ ரவுட்டரோ வாங்கும் முன், அதன் சிப்புக்கான டிரைவர் பொதுக் கெர்னலில் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் தரும் பழைய கெர்னலில் மட்டும் இருக்கிறது என்றால் வாங்காதீர்கள்.